மெழுகுக் கோட்டையின் திட்டிவாசல்

வணக்கம். இங்கே உட்கார்ந்திருக்கும் பலரின் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு வட்டத் தழும்பு இருக்கும். பிறந்ததும் காசநோயைத் தடுக்கப் போட்ட பிசிஜி ஊசி. அந்தத் தழும்புக்குப் பின்னால் தொலைந்துபோன ஒரு வாசலின் கதை இருக்கிறது. அதற்குமுன் காசநோய்க் கிருமியின் சுவரைப் பார்த்துவிடுவோம்.

சளிப் பரிசோதனை நடக்கும் மேசைக்கு வாருங்கள். சளியைக் கண்ணாடிச் சிலைடில் தடவி உலர்த்தி, கார்பால் பியூக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றுவார்கள். அடியில் தீ காட்டுவார்கள். கொதிக்கக் கூடாது, ஆவி பறந்தால் போதும். ஐந்து நிமிடம் விட்டுக் கழுவி, மேலே கந்தக அமிலம். மற்றதெல்லாம் வெளுத்துவிடும். கடைசியில் நீலச் சாயம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நீலத்துக்கு நடுவே நறுக்கிப் போட்ட சிவப்பு நூல்போல மெல்லிய குச்சிகள். அதுதான் டிபி கிருமி.

சாயம் உள்ளே போகவே சூடு வேண்டியிருந்தது. போனதை அமிலத்தாலும் வெளியே இழுக்க முடியவில்லை. எல்லாம் சுவரின் வேலை. மற்ற பாக்டீரியாக்களைப் போலவே வலைபோல ஓர் உள் அடுக்கு, அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகள், அவற்றில் கோத்த மைக்கோலிக் அமிலம். நம் சமையல் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலும் 16, 18 கார்பன் அணுக்கள். இதில் 60 முதல் 90 வரை. மெழுகு பூசிய கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை என்றால் கொத்து வேலை ஓயாது. கிருமி ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் புதுச் சுவர் எழுப்ப வேண்டும். (அது இரண்டாக ஏறக்குறைய 20 மணி நேரம், குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். சோம்பேறிதான், ஆனால் விடாக்கண்டன்.) 1952ல் வந்த ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்து கைவைப்பது இந்தக் கொத்து வேலையில்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்தை நஞ்சாக்கிக் கொடுப்பது கிருமியின் சொந்த நொதி ஒன்றுதான். அந்த நொதி கெட்டுப்போன கிருமி, மருந்துக்கு மசியாது.

சரி, இவ்வளவு இறுக்கமான சுவருக்குள் இருப்பவன் வெளியே எப்படிக் கை நீட்டுவான்? நீட்டித்தான் ஆகவேண்டும். நுரையீரலில் மேக்ரோபேஜ் என்ற காவல் செல் அவனை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கிறது. பையைச் சிதைக்கப் புரதங்களை அனுப்ப வேண்டும். கோட்டைக் கதவில் ஆள் குனிந்து நுழையத் திட்டிவாசல் இருக்குமே, அப்படி இவனிடம் ஐந்து. அவற்றில் ஈஎஸ்எக்ஸ்-1 என்ற வாசல் வழியாக ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு சிறு புரதங்கள் ஜோடி சேர்ந்தே வெளியேறுகின்றன.

இப்போது பிரான்சின் லீல் நகரம், 1908. கால்மெட் மருத்துவர், கெரான் கால்நடை மருத்துவர். மாட்டுக் காசநோய்க் கிருமியை, பித்தநீரில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்கள். சில வாரத்துக்கொரு முறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். நடுவில் உலகப்போர் வந்தது, வேலை நிற்கவில்லை. 13 வருடம், 230 முறை. கிருமி சாதுவாகிவிட்டது. 1921ல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு முதன்முறையாகக் கொடுத்தார்கள். அதுதான் பிசிஜி.

கிருமி எதை இழந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. 1990களில் மரபணுக்களை ஒப்பிட்டபோதுதான் பிசிஜியில் ஒரு துண்டே காணோம் என்று தெரிந்தது. அதில் இருந்தது ஈஎஸ்எக்ஸ்-1 வாசலின் மரபணுக்கள். உட்கார்ந்த இடத்தில் உருளைக்கிழங்கு கிடைக்கிறது, அடைத்துவைக்க மேக்ரோபேஜும் இல்லை, வாசல் எதற்கு? இழந்தவை வேறும் உண்டு, பெரிய இழப்பு இது.

இந்த ஊசி எல்லாவற்றையும் தடுப்பதில்லை. செங்கல்பட்டில் 1968ல் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக்குத்தான் அது நல்ல காவல்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. காசநோய்க் கிருமி உள்ளே வந்திருக்கிறதா என்று கையில் குத்திப் பார்க்கும் மான்டூ பரிசோதனையில், பிசிஜி போட்டவருக்கும் வீங்கலாம். தடுப்பூசியால் வந்த வீக்கமா, கிருமியால் வந்ததா? அப்புறம்தான் தொலைந்த வாசல் கைகொடுத்தது. புதிய தோல் பரிசோதனைகளில் ஈசாட்-6, சிஎஃப்பி-10 இரண்டை மட்டும் வைத்துப் பார்க்கிறார்கள். பிசிஜி கிருமியிடம் இந்த இரண்டும் கிடையாது. ஆகவே அந்தப் பரிசோதனையில் கை வீங்கினால், தழும்பின் மேல் பழிபோட முடியாது. வாசல் உள்ள கிருமி ஒன்று எப்போதோ உள்ளே வந்திருக்கிறது.