சுண்டைக்காயும் சுமைகூலியும்: பசிபிக்கைத் தாண்டும் விமானம் கட்டுப்படியாகுமா?

(நங்கநல்லூரில் எங்கள் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. கேட்ட நண்பர்களுக்காக எழுதித் தருகிறேன். மைக் கீச்சிட்ட இடங்களை மட்டும் விட்டுவிட்டேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இரண்டு கல்யாண வரவேற்புகளுக்கு நடுவே இங்கே எட்டிப் பார்த்திருக்கும் முன்னாள் கவுன்சிலர் அவர்களே, 88 வயதிலும் மாடிப்படி ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் சுண்டல் கிளறிக்கொண்டிருக்கும் மாமி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உலகப்படத்தில் பசிபிக் பெருங்கடலைத் தொட்டுக் காட்டச் சொல்லி, நான் அட்லாண்டிக்கைத் தொட்டதற்காக என்னை பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்தியவர் இவர். ஐயா, இன்று சரியான கடலைத்தான் தொடப் போகிறேன்.

அழைப்பிதழில் நான்கு விஷயம் பேசுவேன் என்று போட்டிருக்கிறார்கள். எரிபொருள், விமானமும் விமானிகளும், டிக்கெட் வாங்குவது யார், சரக்கு. முடிந்தவரை பார்ப்போம்.

நான் 31 வருஷம் மீனம்பாக்கத்தில் லோடு ஷீட் போட்டவன். எத்தனை ஆள், எத்தனை பெட்டி, எவ்வளவு எண்ணெய், எது முன்னால், எது பின்னால் என்று எடைக்கணக்குப் பார்க்கும் வேலை. பெண் கொடுக்க வந்தவர்களிடம் என் அப்பா "பையனுக்கு விமானத்தில் வேலை" என்றார். அவர்கள் பைலட் என்று நினைத்துக்கொண்டது என் குற்றமல்ல.

அந்த வேலையில் எனக்குக் கைகொடுத்த பழமொழி ஒன்று உண்டு. என் பாட்டி கொத்தவால் சாவடியிலிருந்து திரும்பும்போதெல்லாம் சொல்வது: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நீண்டதூர விமானத்தின் பொருளாதாரம் மொத்தமும் இதற்குள் அடங்கும்.

கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அமெரிக்காவுக்கு நிற்காமல் பறக்க வாங்கிய ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் என்ற மிக நீண்டதூர ரக விமானத்தின் தொட்டியில் 165,000 லிட்டர் பிடிக்கும். எடையில் சுமார் 130 டன். அந்த விமானத்தில் இருக்கைகள் 161. ஆளும் பெட்டியுமாகத் தலைக்கு நூறு கிலோ போட்டாலும் 16 டன்தான். தொட்டியை நிரப்பினால், 16 டன் சுண்டைக்காயைக் கொண்டுபோய்ச் சேர்க்க 130 டன் சுமைகூலி. அந்த எண்ணெயைச் சுமப்பதற்கும் எண்ணெய் எரிகிறதே, அதுதான் கொடுமை. ஒரு டன் எண்ணெய் கூடுதலாக ஏற்றினால், அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கே மணிக்கு, மிச்சமிருப்பதில் மூன்று, நான்கு சதவீதம் போய்விடும் என்பது எங்கள் மோட்டா கணக்கு. 15 மணி நேரம் பறந்தால் அந்த ஒரு டன்னில் ஏறக்குறைய 40 சதவீதம் வழியிலேயே காலி. நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர் போகிற விமானத்துக்கு இந்தத் தலைவலி கிடையாது.

இது இன்றைக்கு வந்த சிக்கலும் இல்லை. 1935 நவம்பர் 22-ஆம் தேதி பான் அமெரிக்கன் நிறுவனத்தின் 'சைனா கிளிப்பர்' சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து கிளம்பியது. ஹொனலூலு, மிட்வே, வேக், குவாம் என்று தீவு தீவாக இறங்கி, 29-ஆம் தேதி மணிலாவைத் தொட்டது. உள்ளே என்ன இருந்தது? கடிதங்கள்! ஒரு லட்சத்துக்கும் மேல். கடிதம் சாப்பாடு கேட்காது, எழுந்து நடக்காது, எடைக்கு ஏற்ற காசும் கொடுக்கும். டிக்கெட் வாங்கிய பயணிகளை மறுவருஷம்தான் ஏற்றினார்கள்.

அப்புறம் காற்று. மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. ஏர் இந்தியா 2015-ல் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் விட்டபோது அட்லாண்டிக் வழியாகப் போனார்கள், எதிர்காற்றில். 2016 அக்டோபரில் யாரோ புத்திசாலி, திருப்பிப் பசிபிக் வழியாக விட்டுப் பார்த்தார். தூரம் கூடி 15,300 கிலோமீட்டர் ஆயிற்று. நேரமோ குறைந்து பதினான்கரை மணி ஆயிற்று. நங்கநல்லூரிலிருந்து தி. நகர் போக, நெரிசலில் கிண்டி வழி பக்கமா, சுற்றுவழி பக்கமா என்று கேட்டால் ஆட்டோக்காரர் சிரிப்பாரே, அதே சிரிப்புதான். தூரத்தைப் பார்க்காதே, நேரத்தைப் பார்.

சரி, சிங்கப்பூர் கதைக்கு வருகிறேன். 2004 பிப்ரவரியில் அவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நிற்காமல் பறக்க ஆரம்பித்தார்கள். அதே வருஷம் நியூயார்க் பக்கத்து நெவார்க்குக்கும். விமானம் ஏ340-500. நான்கு இன்ஜின், நான்கு வாய். முதலில் 181 இருக்கை போட்டார்கள். 2008-ல் எண்ணெய் விலை பீப்பாய் 147 டாலரைத் தொட்ட அதே வருஷத்தில், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நூறே நூறு பிசினஸ் கிளாஸ் இருக்கைகள் வைத்தார்கள். அப்படியும் தாங்கவில்லை. 2013-ல் இரண்டு தடமும் மூடப்பட்டன. தாய் ஏர்வேஸும் அதே ரக விமானத்தை வாங்கி 2005-ல் பாங்காக்கிலிருந்து நியூயார்க்குக்கு விட்டு, 2008-ல் நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்த விமானங்களை விற்க அவர்கள் பட்ட பாடு பெரிய பாடு. சுமைகூலி முக்கால் பணம் அல்ல, ஒன்றேகால் பணம் ஆகிவிட்டது.

இரண்டே இன்ஜினோடு ஏ350 வந்த பிறகுதான் கணக்கு மாறியது. 2018 அக்டோபரில் நெவார்க், நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று சிங்கப்பூர்க்காரர்கள் மறுபடி கிளம்பினார்கள். இங்கேதான் நான் உங்களை நிறுத்தப் போகிறேன். அந்த 161 இருக்கையில் பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை.

ஆக, நிற்காத விமானம் கட்டுப்படியாகும். முன்னால் உட்காருகிறவன் கம்பெனிக் காசில் உட்கார்ந்தால் கட்டுப்படியாகும். பெங்களூருக்கு 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானம் கிடைத்ததும் அந்த ஐ.டி. கம்பெனிகளை நம்பித்தான். கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில், விமானி அறையில் எல்லாருமே பெண்களாக, துருவத்துப் பக்கமாகப் பறந்து வந்து இறங்கினார்களே, அந்த விமானம். கைதட்டினோம். ஆனால் நிற்காத விமானம் உண்மையில் யாருக்கு வேண்டும்? லேப்டாப்போடு ஏறுகிறவன் எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் காபி வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த கேட்டுக்குப் போய்விடுவான். வேண்டியது என் அக்காவுக்கு.

அக்காவுக்கு அப்போது 71 வயது. கும்பகோணத்துக்காரி. சான் ஹோசேயில் மகளுக்குப் பிரசவம், தனியாகக் கிளம்பினாள். கிழக்கே ஒரு பெரிய ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டும். ஊர் பெயர் வேண்டாம். நன்றாக நடப்பாள், தினம் மகாமகக் குளத்தைச் சுற்றுகிறவள். இருந்தாலும் வீல்சேர் போடச் சொன்னேன். கால் வலிக்காக அல்ல, பாஷை வலிக்காக. இந்த ஹாலில் எத்தனை பேர் அப்படிப் போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், கை தூக்க வேண்டாம்.

அந்த ஊரில் செக்யூரிட்டியில் கைப்பையைத் திறந்தார்கள். உள்ளே எவர்சில்வர் சம்புடம் நிறைய பிரசவ லேகியம். கறுப்பாக, பிசுபிசுவென்று. எக்ஸ்ரேயில் அது என்னவாகத் தெரிந்ததோ! இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், மூன்றாவதாக ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். அக்காவுக்குச் சொல்லத் தெரிந்த ஆங்கிலம் 'பேபி' மட்டும். லேகியத்தைக் காட்டி "பேபி, பேபி" என்றாள். அவர்கள் முகம் இன்னும் மோசமாயிற்று. நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே? பெரிய பெட்டிக்குள் பத்திரமாக. பெட்டி விமானத்துக்குள். கடைசியில் சம்புடத்தைத் திறந்து ஒரு விரல் வழித்துத் தானே வாயில் போட்டுக் காட்டினாள். அந்தக் கையுறைக்காரர் முகர்ந்து பார்த்து, சுக்கு வாசனைக்குத் தும்மிவிட்டு விட்டுவிட்டாராம்.

அப்புறம்தான் சங்கடமே. தள்ளிக்கொண்டு வந்த பையன் ஒரு தூண் ஓரமாக நிறுத்திவிட்டுப் போனவன் போனவன்தான். கேட் மாறிவிட்டது, அறிவிப்பு புரியவில்லை. இரண்டு மணி நேரம் பாத்ரூம்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தாள், போனால் நாற்காலி போய்விடுமே என்று. காப்பாற்றியது யார் தெரியுமா? துடைப்பம் பிடித்திருந்த ஒரு பெண், போனில் "ஆமாண்டி, சம்பளம் வந்துடுச்சு" என்றாள். அக்கா சேரிலிருந்து துள்ளி எழுந்து ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிவகங்கைப் பெண். வீல்சேர்க் கிழவி ஓடியதைப் பார்த்து அங்கே இருந்தவர்கள் மிரண்டுவிட்டார்களாம். அந்தப் பெண்தான் கேட்டுவரை கொண்டுபோய் விட்டது. கிளம்ப 11 நிமிஷம் பாக்கி.

நண்பர்களே, தனியாகப் போகும் சின்னக் குழந்தைக்கு விமான நிறுவனங்களில் ஏற்பாடு உண்டு. கழுத்தில் அட்டை மாட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஒப்படைப்பார்கள். அதே கையெழுத்து, அதே ஒப்படைப்பு, தனியாகப் போகும் பெரியவர்களுக்கும் வேண்டும், அவர்கள் பேசும் மொழி தெரிந்த ஓர் ஆளோடு. சென்னையிலிருந்து நேரடி விமானம் கேளுங்கள் என்று போன கூட்டத்தில் ஒரு நண்பர் சொன்னார். கேட்கலாம். தினம் ஒரு விமானம் என்றால் போக வர 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒன்றுக்கு இரண்டு விமானம் முடங்கும், ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கு விமானிகள் வேண்டும். அதையெல்லாம் விரித்துச் சொல்ல நேரமில்லை. வந்தாலும் முன்வரிசைக்குத்தான் வரும், பின்னால் அக்காவுக்கு இடம் இருக்குமா என்பது சந்தேகம். இந்த ஒப்படைப்புக்கு எண்ணெய் செலவு கிடையாது. இதில் சுண்டைக்காயும் கால் பணம், சுமைகூலியும் கால் பணம்தான்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். "சுண்டல் ஆறுகிறது" என்று எழுதியிருக்கிறார். சரக்குப் பற்றிச் சொல்லவே இல்லை, மன்னிக்கவும். விமானத்தின் வயிற்றில் ஏறும் சரக்குதான் பல தடங்களுக்குச் சோறு போடுகிறது, அதற்குத் தனிக் கூட்டம் வைக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு இந்த ஒப்படைப்பைக் கேட்கும் மனுப் படிவம் வாசல் மேஜையில் இருக்கிறது. இதுவரை 212 கையெழுத்து. நான்காவது கட்டத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த ஊரில் விமானம் மாறினார் என்று மறக்காமல் எழுதுங்கள். அக்கா வந்திருக்கிறாள், மூன்றாவது வரிசை, மாம்பழக் கலர் புடவை. கையெழுத்துக்குப் பேனா அவளிடம்தான் இருக்கிறது. லேகியம் கேட்டால் தரமாட்டாள்.