"பையன்தான் நல்லாயிட்டானே, இன்னும் எதுக்குங்க மாத்திரை?"

[காட்சி: மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட வீடு. அடுப்படி அலமாரியில் பழைய மைலோ டின்.]

இந்த டின்னில் மைலோ இல்லை. திறந்தால் மாத்திரை அட்டைகள். ஒரு அட்டையில் நான்கு குழி காலி, மற்றவை பிரிக்காமல் அப்படியே கிடக்கின்றன.

குடும்பம் கற்பனைதான். ஆனால் இப்படி ஒரு டின்னை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். மகனுக்கு 26 வயது. மனச்சிதைவு நோய், கிளினிக் கார்டில் ஸ்கிசோஃப்ரினியா. காதில் குரல் கேட்டது. அடுத்த லயத்துக்காரர்கள் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்பினான். மாத்திரையில் அதெல்லாம் அடங்கி, செம்பனை ஆலையில் வேலைக்கும் போனான். அப்போதுதான் அம்மா அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆறு மாதத்தில் மறுபடி ஆஸ்பத்திரி.

[திரையில்: 27, 64]

2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு 65 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு. மருந்தில்லாத போலி மாத்திரைக்கு மாறியவர்களில் 64 பேருக்கு.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. நிறுத்திய மறுநாளே குரல் வந்துவிடாது. பல வாரம், சில சமயம் பல மாதம் நன்றாகவே இருப்பான். தூக்கக் கலக்கம் போய், முகம் தெளியும். "பார்த்தியா, மாத்திரைதான் இவனை முடக்கி வெச்சிருந்துச்சு" என்று வீடே முடிவு கட்டிவிடும். பிறகு நோய் திரும்பும்போது, மாத்திரை நின்றது யாருக்கும் ஞாபகம் வராது. செய்வினை என்று பேச்சு கிளம்பும்.

சரி, யாரும் சும்மா நிறுத்துவதில்லை. எடை ஏறுகிறது, கை நடுங்குகிறது, ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கிறது. விடியற்காலை ஆலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவனுக்குத் தூக்கக் கலக்கம் சின்ன விஷயமா? டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றலாம், வேறு மருந்து பார்க்கலாம். தினம் விழுங்குவது தொல்லை என்றால், சிலருக்கு மாதம் ஒரு ஊசி போதும். அரசாங்க கிளினிக்கில் நமக்குச் செலவு ஒரு வெள்ளி.

விரதம் எடுத்தால் மாத்திரை கூடாது என்பவர்களும் உண்டு. கயிறு கட்டுங்கள், அர்ச்சனை செய்யுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சாமியாடியிடம் மட்டும் திரும்பப் போகாதீர்கள்.

[காட்சி: லயன் வீட்டு வாசல். உள்ளே டிவி சத்தம். ஒருவர் திட்டும் குரல்.]

மாத்திரை எடுத்தும் அந்த 27 பேருக்கு ஏன்? ஒரு காரணம் வீட்டுக்குள் இருக்கலாம். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, வாடகை அறைக்குப் போனவர்கள் மேலாக இருந்தார்கள்! பின்னால் வந்த ஆய்வுகள் மூன்றைக் குறித்தன: ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிய அக்கறை. அப்படிப்பட்ட வீட்டில் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் ஆபத்து கூடியது. இரண்டு அறை லயன் வீட்டில் 35 மணி நேரம் புதன்கிழமைக்குள் முடிந்துவிடும்.

குடும்பம்தான் நோயைக் கொடுத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. களைத்துப்போன அப்பாதான் கத்துகிறார். 26 வயதுக்காரனுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டும் அம்மாவும் பயத்தில்தான் ஊட்டுகிறார். "தண்டச்சோறு, எருமை மாதிரி தூங்குறான்" என்பதற்குப் பதில் "எட்டு மணிக்கு எழுந்திரிப்பா, கோழிக்குத் தீனி போடணும்" என்று சொல்லிப் பாருங்கள். வேலையும் நடக்கும், சண்டையும் குறையும்.

கஞ்சா, சியாபு என்ற போதைப்பொருள், சம்சு சாராயம் மூன்றும் நோயைத் திரும்பக் கூட்டி வரலாம். இதில் பேரம் கிடையாது. ராத்திரி ஷிப்டில் தூக்கம் கெட்டாலும் கவனம் தேவை; முடிந்தால் பகல் ஷிப்ட் கேளுங்கள்.

[காட்சி: காலண்டர். மூன்று தேதிகளில் பேனா வட்டம்.]

நோய் திரும்புமுன் பெரும்பாலும் ஜாடை காட்டும். தூக்கம் குறையும். சாப்பாட்டை மோந்து பார்ப்பான், ஒட்டுக்கடைக்கு வர மறுப்பான், ஜன்னலைச் சாத்துவான். ஒவ்வொருவருக்கும் இது வேறு மாதிரி. போன தடவை எப்படித் தொடங்கியது என்று அவனிடமே, நன்றாக இருக்கும் நாளில் கேட்டு எழுதி வையுங்கள்.

மறுபடி அதைப் பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555-ல் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. கிளினிக்கில் போய், மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைச் சொல்லி, "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ் ஆயிட்டான் டாக்டர்" என்று அழாதீர்கள். "மூணு ராத்திரி தூங்கல, ரெண்டு வாரமா மாத்திரை டின்னுலயே இருக்கு" என்று சொல்லுங்கள். டின்னையும் கையோடு எடுத்துப் போங்கள்.