கடைசிச் சில மில்லிகிராம்

வணக்கம். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ பல வருடமாக மாத்திரை எடுத்துவருபவர்களாக இருப்பீர்கள். அது வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் ரேடியோவை அணைத்துவிட்டுப் போனாலும் இது மட்டும் காதில் விழுந்திருக்கட்டும்: நான் பேசுவதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் திடீரென்று நிறுத்துவது இருக்கிறதே, அதனால் வருகிற அவதியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நான் மருந்தாளுநர். மருத்துவர் எழுதித் தருவதை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. இருந்தாலும் மருத்துவரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகளை மருந்து வாங்கும் இடத்தில் மக்கள் கேட்டுவிடுவார்கள். இந்த மாத்திரைகளைப் பற்றி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான். “நல்லாத்தான் இருந்தேன், நிறுத்தினேன், ஒரு வாரத்திலேயே தாங்க முடியவில்லை. அப்படியானால் வாழ்நாள் முழுக்க இது இல்லாமல் என்னால் இருக்க முடியாதா?” நான் பல வருடமாக எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: நிறுத்தியதும் வருவதெல்லாம் பழைய நோய் அல்ல. மருந்து விலகும்போது உடம்பு கொடுக்கும் எதிர்வினையாகவும் அது இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

என்னதான் நடக்கிறது? செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸெட்டின் மாதிரியான மருந்துகள், நரம்புகள் சேதி பரிமாறப் பயன்படும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் ஒரு புரதத்தைத் தடுக்கின்றன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அப்படியே போகும்போது மூளையும் உடம்பும் அந்த நிலைக்குத் தங்களைப் பழக்கிக்கொள்கின்றன. திடீரென்று மருந்து இல்லை என்றால் அந்தப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. செரோட்டோனின் மூளையில் மட்டும் இருப்பதும் அல்ல, உடம்பில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் குடல் பகுதியில்தான் இருக்கிறது. நிறுத்தியவர்களுக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு எல்லாம் வருவதில் ஆச்சரியம் என்ன? “மனசுக்குத்தானே மருந்து, வயிறு ஏன் படுத்துகிறது” என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

இதை அடிமைத்தனம் என்று நினைத்து வெட்கப்படுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். மருந்துக்காக மனம் ஏங்குவதோ, நாளுக்கு நாள் அளவைக் கூட்டத் தோன்றுவதோ இதில் இல்லை. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. முதல் தலைமுறை மருந்தான இமிப்ரமினை நிறுத்தியவர்களுக்கு இப்படி வருகிறது என்று 1959-லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படி இருந்தும் பிரிட்டனின் அதிகாரபூர்வ மருத்துவ வழிகாட்டுதல், இந்த அறிகுறிகள் பொதுவாக லேசானவை, ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. சிலருக்குக் கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கலாம் என்று அது திருத்தப்பட்டது 2019-இல். மனதில் வையுங்கள், 60 வருடம்! நடுவில் எத்தனை பேரிடம் “உங்கள் நோய் திரும்பிவிட்டது” என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

எல்லோருக்கும் இப்படி ஆகுமா என்றால், இல்லை. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2024-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு அறிகுறி இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு இருந்தது! ஆக, எதிர்பார்ப்புக்கும் பயத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அதில் சேர்க்கப்பட்ட பல ஆய்வுகள் சில வாரமோ சில மாதமோ மட்டும் மருந்து எடுத்தவர்களை வைத்து நடந்தவை. பத்து வருடம் எடுத்தவர் அந்த எண்ணைத் தனக்கு அப்படியே பொருத்திக்கொள்ளக் கூடாது.

இப்போது ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியை. பல வருடம் பராக்ஸெட்டின் எடுத்தவர், வாழ்க்கை நல்லபடியாகப் போகிறது, இனி எதற்கு என்று இரண்டே வாரத்தில் குறைத்து நிறுத்திவிட்டார். மூன்றாவது நாளிலிருந்து கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் தலைக்குள் சுரீரென்று ஷாக் அடித்த மாதிரி ஒன்று. ஒரு நொடிதான். அடுத்த முறை கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டினால் மறுபடியும். (இதை அனுபவித்தவர்கள் இப்போது தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். பிரெயின் ஸாப் என்கிறார்கள். பெரும்பாலும் கண்ணசைவோடு சேர்ந்து வரும், ரொம்பவே பயமுறுத்தும், ஆனால் அது மூளையைச் சேதப்படுத்துவதாகச் சான்று எதுவும் இல்லை.) அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா, கண்ணை அசைக்காமல், கழுத்தைத் திருப்பாமல், முழு உடம்போடு சேர்ந்து திரும்பப் பழகிக்கொண்டார். பிள்ளைகள் டீச்சருக்குக் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்தார்கள்.

அதோடு தலைசுற்றல், குமட்டல், விடியவிடிய விசித்திரமான கனவுகள், ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் பொங்கிவரும் அழுகை, கூடவே கோபம். அவர் பார்த்த மருத்துவர் நோய் திரும்பிவிட்டது, இனி ஆயுளுக்கும் மாத்திரைதான் என்று சொல்லிவிட்டார். சீட்டோடு வந்தவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு போகாமல், பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எனக்குக் காட்டினார். ஆசிரியை இல்லையா, பக்கத்தின் நடுவில் கோடு போட்டிருந்தார். இடது பக்கம் பழைய நோயின்போது இருந்தவை: காலையில் எழுந்திருக்கவே முடியாதது, சாப்பாட்டில் ருசி இல்லாதது, எல்லாம் என்னால்தான் என்ற எண்ணம். வலது பக்கம் இப்போது வந்திருப்பவை: ஷாக், தலைசுற்றல், கனவு, குமட்டல். “ரெண்டும் ஒண்ணா சார், நீங்களே பாருங்க” என்றார்.

ஒன்றல்ல. அந்த நோட்டில் இருந்த கேள்விகளைத்தான் இன்றைக்கும் எல்லோரிடமும் கேட்கிறேன். எப்போது தொடங்கியது? புதிதாக என்ன வந்திருக்கிறது? நோய் திரும்புவது பெரும்பாலும் சில வாரம், சில மாதம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக. மருந்து விலகல் பெரும்பாலும் சில நாட்களிலேயே, பழைய நோயில் இல்லாத உடம்பு அறிகுறிகளோடு. இன்னொரு துப்பும் உண்டு: மருத்துவர் சொல்லி அதே மருந்தைத் திரும்பத் தொடங்கினால், விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். நோயாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. இந்த அம்மாவுக்கு, மாத்திரையைத் திரும்பத் தொடங்கிய இரண்டாம் நாளே ஷாக் நின்றுவிட்டது. மருந்துக்கு மருந்து நாள்கணக்கு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வென்லாஃபாக்சினில் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். ஃப்ளூஆக்ஸெட்டின் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும், அதனால் அறிகுறியும் தாமதமாக வரும், பல நேரம் லேசாகவும் இருக்கும். எனவே எப்போது தொடங்கியது என்று கேட்கும்போது எந்த மருந்து என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, எப்படிக் குறைப்பது? நான் ஓயாமல் பேசுவது இதைப் பற்றித்தான், என் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். நாம் எல்லோரும் போடும் கணக்கு என்ன? 20 மில்லிகிராம் எடுக்கிறோமா, 10 ஆக்கு, 5 ஆக்கு, நிறுத்து. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூளைக்குள் கணக்கு வேறு. மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019-இல் எழுதிய கட்டுரையில் மூளை ஸ்கேன் ஆய்வுகளை வைத்து இதை விளக்கினார்கள். சிட்டலோபிராம் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். எண்களை மெதுவாகச் சொல்கிறேன். 40 மில்லிகிராம், அந்தச் செரோட்டோனின் புரதத்தில் சுமார் 86 சதவீதத்தைப் பிடித்துவைக்கிறது. பாதியாகக் குறைத்து 20 ஆக்கினால் 43 ஆகும் என்றுதானே நினைப்போம்? இல்லை, 80 சதவீதம். மருந்து பாதி குறைந்தும் பிடி கொஞ்சம்தான் தளர்கிறது. 5 மில்லிகிராமை ஒட்டி வரும்போதும் இன்னும் 60 சதவீதம் பிடியில் இருக்கிறது. அந்த 5-ஐத் தூக்கிப் போட்டால் 60 ஒரேயடியாகப் பூஜ்யம்.

புரிகிறதா? 40-லிருந்து 20-க்கு வந்தபோது 6 சதவீதம். 5-லிருந்து ஒன்றுமில்லாததற்கு வந்தபோது 60 சதவீதம். கீழே இறங்க இறங்கப் படியின் உயரம் கூடிக்கொண்டே போகும் மாடிப்படி மாதிரி இது, கடைசிப் படியில்தான் விழுகிறோம். “பாதியாகக் குறைத்தபோது ஒன்றுமே ஆகவில்லையே, இந்தத் துளி மாத்திரையை விட்டதற்கா இவ்வளவு” என்று மக்கள் குழம்புவது இதனால்தான். அந்தத் துளிதான் பெரியது.

அதனால் ஒவ்வொரு முறையும் இப்போது எடுக்கும் அளவில் ஒரு சிறு பங்கைக் குறைக்க வேண்டும், முதலில் தொடங்கிய அளவில் அல்ல. கீழே வர வர, குறைக்கும் அளவும் சிறிதாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு குறைப்புக்கும் பிறகு சில வாரம் நின்று பார்க்க வேண்டும், உடம்பு அடங்கிய பிறகுதான் அடுத்தது. தாங்கவில்லையா, முந்தைய அளவுக்குப் போய் நில்லுங்கள், அது தோல்வி இல்லை. நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு வருடத்துக்கு மேலும். கடைசியில் மாத்திரையாகக் கிடைக்கும் மிகக் குறைந்த அளவைவிடவும் கீழே போக வேண்டியிருக்கும், சிக்கலே அங்கேதான். மாத்திரையை எத்தனை துண்டாகத்தான் வெட்டுவது? சில மருந்துகள் திரவமாகக் கிடைக்கின்றன. நெதர்லாந்தில் நாளுக்கு நாள் அளவு குறையும்படி சின்னச் சின்னப் பொட்டலங்களைச் சரமாகக் கோத்தே கொடுக்கும் ஏற்பாடு உண்டு.

பிற்பாடு வேறொரு மருத்துவர் அந்த ஆசிரியைக்கு அதே மருந்தைத் திரவமாக எழுதிக் கொடுத்தார். ஒரு மில்லிலிட்டரில் 2 மில்லிகிராம் மருந்து. பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கி, ஒரு நாள் குறைவாகவும் இன்னொரு நாள் அதிகமாகவும் போய்விடும். ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, குமிழியைச் சுண்டிவிட்டு, கோட்டுக்குச் சரியாக நிறுத்துவார். ஆசிரியை கை, நடுங்கவே இல்லை. ஒரு வருடத்துக்கும் மேல் ஆயிற்று அவருக்கு. கடைசி வாரங்களில் சிரிஞ்சில் அவர் இழுத்தது கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு, அதையும் ஒருநாள்கூட விடாமல் நோட்டில் எழுதினார்.

செய்யக் கூடாதவை இரண்டைச் சொல்லிவிடுகிறேன். நீண்ட நேரம் மெதுவாக வேலை செய்யும்படி தயாரித்த மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துக் குறைப்பதும் பெரும்பாலான மருந்துகளுக்குச் சரிவராது, மருந்தின் அளவு மேலும் கீழும் ஆடி, விலகல் அறிகுறி தினமும் வந்து வந்து போகும்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. எல்லோரும் நிறுத்தியே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரிட்டனில் நீண்ட நாள் மருந்து எடுத்து, நலமாக இருந்த 478 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2021-இல் வெளியானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது 39 சதவீதம் பேருக்கு, நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு. மருந்து பலருக்குக் காப்பாகத்தான் இருக்கிறது. அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள், நிறுத்திய 100 பேரில் 44 பேருக்கு அந்த வருடத்தில் திரும்பவில்லை. முன்பு பலமுறை கடுமையாக வந்திருந்தால் தொடர்வதே நல்லது என்று உங்கள் மருத்துவர் சொல்லலாம், அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். வேலை மாறும்போதோ வீட்டில் துக்கம் நடந்திருக்கும்போதோ குறைப்பைத் தொடங்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கென்று தனியாக நிறையப் பேச வைத்திருந்தேன், ஆசிரியை கதையிலேயே நேரம் போய்விட்டது, இரண்டு நிமிடம்தான் என்று கைகாட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். குறைத்துக்கொண்டிருப்பவர் எரிந்து விழுந்தால் உடனே “மாத்திரை போட்டியா?” என்று கேட்காதீர்கள், அவருக்கும் சாதாரணக் கோபம் வர உரிமை இருக்கிறது. நோட்டு எழுத அவரால் முடியாத நாளில் நீங்கள் எழுதுங்கள்: தேதி, அளவு, தூக்கம், புதிதாக என்ன. மருத்துவரிடம் போகும்போது கூடப் போங்கள். தலைசுற்றல் இருக்கும் நாட்களில் வண்டி ஓட்ட விடாதீர்கள். அப்புறம் முக்கியமானது, உயிரை விடுவதைப் பற்றிப் பேசினாலோ, ஒரு இடத்தில் உட்காரவே முடியாமல் தவித்தாலோ, தூக்கமே இல்லாமல் வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தோடு இருந்தாலோ, விலகல்தானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை. வணக்கம்.