பைப்படி வரை போகும் தூரம்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பில் பல வருடங்கள் வாட்டுகளில் நின்று, கடைசியில் கிருமித்தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியாக ஓய்வு பெற்றவள் நான். இன்று கட்டில் காலடியில் தொங்குமே, அந்தச் சானிடைசர் போத்தலைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்றிருக்கிறேன்.

மகனைப் பார்க்க வந்த ஒரு பாட்டி அதை அமுக்கி மணந்து பார்த்தார். "மிஸ், சாராய மணம் மணக்குதே. உங்களுக்குச் சவர்க்காரம் தர மாட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் படித்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்: சவர்க்காரம்தான் அசல், இது அவசரத்துக்கு ஒரு மாற்று என்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சவர்க்காரம் போட்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 செக்கன் வேண்டும். வேலை கூடிய நேரத்தில் ஒரு தாதிக்கு மணித்தியாலத்தில் 20 தடவை கை சுத்தம் செய்ய வேண்டி வரலாம். கழுவுவதற்கே 20 நிமிடம் வரை போய்விடும். பைப்படிக்கு நடப்பது வேறு. அப்போது என்ன நடக்கும்? கழுவாமலே அடுத்த கட்டிலுக்குப் போவோம். நானும் போயிருக்கிறேன். சானிடைசருக்கு 20 முதல் 30 செக்கன் போதும், நடந்துகொண்டே தேய்க்கலாம்.

ஜெனீவா பல்கலைக்கழக வைத்தியசாலையில் 1994இலிருந்து இதை அளந்து பார்த்தார்கள். கட்டிலருகே போத்தல் வைத்து, சுவரில் படங்கள் ஒட்டி, விடாமல் கண்காணித்தார்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் உண்மையில் செய்தது 48 வீதத்திலிருந்து 1997இல் 66 வீதமானது. வைத்தியசாலையில் இருக்கும்போது நோய் தொற்றிய நோயாளர் தொகை 16.9 வீதத்திலிருந்து 1998இல் 9.9 வீதமாக இறங்கியது. இதில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு: சவர்க்காரம் போட்டுக் கழுவுவது கூடவே இல்லை. கூடியது போத்தலில் உள்ள அல்கஹோலைத் தேய்ப்பது மட்டும்தான்.

அல்கஹோல் கிருமியின் புரதத்தைத் திரளச் செய்து கெடுக்கிறது. அதற்குக் கொஞ்சம் தண்ணீரும் தேவை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் எதனோல் என்ற அல்கஹோல் 80 வீதம். தோல் வறளாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரின். 60 வீதத்துக்குக் கீழே போனால் நம்ப முடியாது. நான் வேலை செய்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், மாதக் கடைசி வரை இழுக்க யாரோ போத்தலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துவிட்டார்கள். 80 வீதம் 40 ஆகிவிட்டது. பாட்டி சொன்னது அன்றைக்குத்தான் சரியாக வந்தது: ஏறக்குறைய சாராயமேதான்!

சரி, சவர்க்காரத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. கையில் இரத்தமோ மலமோ அழுக்கோ தெரிந்தால் கழுவத்தான் வேண்டும். கடும் வயிற்றோட்டம் உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் (முன்பு குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில்) என்ற கிருமியின் வித்துகள் அல்கஹோலுக்கு அசைவதில்லை. அவற்றைத் தேய்த்துக் கழுவித்தான் போக்கலாம். கையுறை போட்டிருக்கிறேனே என்பவர்களுக்கும் விதிவிலக்கில்லை. கழற்றிய பிறகும் கை சுத்தம் செய்ய வேண்டும்.

இனி, நோயாளர் பார்க்கும் நேரத்தில் சோற்றுப் பார்சலோடு வருகிற உங்களுக்கு. உள்ளே வந்ததும், நோயாளியின் கையைப் பிடிப்பதற்கு முன் ஒரு தடவை. வெளியே போகும்போது ஒரு தடவை. உள்ளங்கை நிறைய எடுங்கள். விரல் இடுக்கு, நகநுனி, பெருவிரல் எல்லாம் தேயுங்கள். எல்லாரும் மறப்பது பெருவிரலைத்தான். தானாகக் காயும் வரை தேய்க்க வேண்டும்.

அந்தப் பாட்டி மறுநாளும் வந்தார். தானாகவே போத்தலை அமுக்கினார், நன்றாகத் தேய்த்தார், பெருவிரலையும் மறக்கவில்லை. பிறகு ஈரத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மகனின் கையைப் பிடிக்கப் போனார். "அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ" என்று போத்தலை எடுத்து, இன்னொரு தடவை அவர் கையில் அமுக்கினேன்.