24-இல் இருந்து 24-க்கு மாறிய கதை: நிகான் டி750 கையில் வந்து ஒரு வாரம்

[திரையில் இரண்டு படங்கள் அருகருகே. ஒரே டீக்கடை, ஒரே இரவு.]

வணக்கம் நண்பர்களே! இடது பக்கப் படம் என் பழைய கேமராவில் எடுத்தது. 24 மெகாபிக்சல். வலது பக்கம், போன வாரம் வாங்கிய கேமராவில் எடுத்தது. அது எத்தனை? அதுவும் 24 தான். சேர்த்து வைத்த காசையெல்லாம் கொட்டி 24-இல் இருந்து 24-க்கு மாறியிருக்கிறேன். வீட்டில் சொன்னதும் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்புறம் எதுக்குடா மாத்தினே?"

இந்த வீடியோ அம்மாவுக்கான பதில். நீங்களும் கூட இருந்து கேளுங்கள்.

பழையது நிகான் டி3300, இப்போது வந்திருப்பது நிகான் டி750. இரண்டுமே 2014-இல் வெளியான மாடல்கள். புதுசு என்று நான் சொல்வது எனக்குப் புதுசு. வாங்கியது செகண்ட் ஹேண்டில். டிஎஸ்எல்ஆர் என்றால் என்ன? லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை உள்ளே ஒரு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும், கிளிக் செய்தால் கண்ணாடி எழும்பி, படத்தைப் பதியும் சென்சாருக்கு வழிவிடும். போதும், அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

சென்சார். டி3300-இல் இருப்பது 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். டி750-இல் 35.9-க்கு 24. பரப்பளவில் பார்த்தால் கிட்டத்தட்ட 2.35 மடங்கு. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மண்டபத்திலும் உட்காருகிறவர்கள் அதே 24 மில்லியன் பேர், அதாவது பிக்சல்கள். ஒன்றில் டிபன் இலை, இன்னொன்றில் தலைவாழை இலை. பெரிய இலையில் வெளிச்சம் தாராளமாக விழும். இப்போது அந்த டீக்கடைப் படத்தின் நிழல் பகுதியைப் பெரிதாக்குகிறேன். இரண்டும் ஐஎஸ்ஓ 6400, அதாவது இருட்டுக்காக வெளிச்ச உணர்வைத் தூக்கி வைத்து எடுத்தவை. இடது பக்கம் பாய்லருக்குப் பின்னால் ரவை கொட்டிய மாதிரிப் புள்ளிகள். வலது பக்கம் மாஸ்டரின் சட்டைக் கட்டமே தெரிகிறது.

சரி, அம்மாவுக்கு இந்தப் பதில் போதும். எனக்குப் போதாது. நான் இந்த வீடியோ போடவே காரணம் வேறு.

[மேஜை மேல் ஒரு சின்ன லென்ஸ்.]

இது சித்தப்பாவின் லென்ஸ். ஃபிலிம் கேமரா காலத்து நிகான் 50 எம்எம், எஃப் 1.8 டி. கையில் எடுத்தால் ஒரு தக்காளி கனம்தான் இருக்கும். நிகானின் எஃப் மவுன்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வளையம், 1959-இல் வந்தது. டி3300-இலும் அதே மவுன்ட்தான், அதனால் இது அழகாகப் பொருந்தியது. பொருந்தியதே தவிர, ஃபோகஸ் தானாக வராது. ஏனென்றால் இந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. ஃபோகஸ் வளையத்தைக் கேமராதான் சுழற்ற வேண்டும், அதற்கான மோட்டார் டி3300-க்குள்ளும் கிடையாது. பல வருடமாகக் கையால் திருகித்தான் எடுத்தேன். என் அக்கா மகள் ஓடி வருகிற படம் என்னிடம் நாற்பது இருக்கும். நாற்பதிலும் அவளுக்குப் பின்னால் இருக்கிற சுவர் பிரமாதமாக ஃபோகஸ் ஆகியிருக்கும்.

இப்போது இதைப் பாருங்கள். கேமராவை நெருக்கமாகக் காட்டுகிறேன். டி750-இன் மவுன்ட் வளையத்தில், இதோ, ஸ்க்ரூடிரைவர் நுனி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு இருக்கிறதா? லென்ஸின் பின்பக்கம் அதற்கேற்ற சின்னப் பள்ளம். மாட்டியாச்சு. ஷட்டரைப் பாதி அழுத்துகிறேன். சத்தம் கேளுங்கள்.

[கிர்ர்... டக்.]

வளையம் தானாகத் திரும்புகிறது! என் விரல் அதில் படவே இல்லை. கேமரா வந்த அன்று ராத்திரி சும்மா சுவரையும் மின்விசிறியையும் மாறி மாறி ஃபோகஸ் பண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு மாற்றமும் இருக்கிறது. பழைய கேமராவின் சின்ன சென்சாரில் இந்த 50 எம்எம், 75 எம்எம் மாதிரி நெருக்கமாகத்தான் தெரியும். டீக்கடை முழுசாக வர ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது, ஆட்டோக்காரரிடம் திட்டும் வாங்கினேன். டி750-இல் 50 என்றால் 50, நடைபாதையிலேயே நின்றுகொண்டேன்.

"மிரர்லெஸ் வாங்கியிருக்கலாமே ப்ரோ" என்று கமெண்ட் போடப் போகிறவர்களே, ஒரு நிமிடம். மிரர்லெஸ் என்றால் உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா. நிகானின் மிரர்லெஸ்ஸான இசட் கேமராவில் பழைய லென்ஸ் மாட்ட எஃப்டிஇசட் என்ற அடாப்டர் இருக்கிறது. அதற்குள்ளும் இந்த ஸ்க்ரூ மோட்டார் கிடையாது. அங்கே போனால் மறுபடியும் கையால் திருகல்தான்.

இடித்த விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியும் கார்டும் சேர்த்து 840 கிராம், பழையது 460 தான். 51 ஃபோகஸ் புள்ளிகள், ஆனால் எல்லாமே நடுவில் கூட்டம் போட்டிருக்கின்றன. அப்புறம், டி3300-உடன் வந்த, சின்ன சென்சாருக்கான பழைய 18-55 கிட் லென்ஸை மாட்டினால் கேமரா படத்தைத் தானாக வெட்டிவிடும். கிடைப்பது சுமார் 10 மெகாபிக்சல். இதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கேமராவில் ஒரு படம் எடுத்து, அதன் எக்சிஃப் தகவலில், அதாவது படத்தோடு கேமரா எழுதி வைக்கும் குறிப்பில், ஷட்டர் கவுன்ட் (இதுவரை எத்தனை கிளிக்) பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். டி750-இன் ஷட்டர் 1,50,000 கிளிக்குகளுக்குச் சோதிக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்திருந்தார். அவர் லென்ஸ் ஆயிற்றே என்று கையில் கொடுத்தேன். கை பழக்கத்தில், வெளிச்சம் வரும் துளையைச் சிறிதாக்கிப் பெரிதாக்கும் லென்ஸ் வளையத்தை 22-இல் இருந்து 8-க்குத் திருகினார். இந்த மாதிரி லென்ஸில் அது 22-இலேயே பூட்டியிருக்க வேண்டும். நகர்ந்தால் கேமரா படம் எடுக்காது, திரையில் எஃப், ஈ, ஈ என்று மூன்று எழுத்து மின்னும். சித்தப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடா, என் லென்ஸுக்கே ஃபீ கேக்குது?" என்றார்.

டி3300 இப்போது தங்கையிடம். அந்த 50-ஐயும் சேர்த்துக் கேட்கிறாள். கிட் லென்ஸைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.