ஹவானா சிண்ட்ரோம்: காதைத் துளைத்தது ஆயுதமா, சுவர்க்கோழியா?

(இருண்ட திரை. ஒலிப்பதிவு, ஐந்து நொடி.)

இயர்போன் போட்டிருப்பவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது கேட்டீர்களே, இந்தக் கிரீச்சொலியை ரகசிய ஆயுதத்தின் சத்தம் என்று உலகமே பேசியது.

கியூபாவின் தலைநகர் ஹவானா. ஹோட்டல் அறையில் தூங்கிக்கொண்டிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவர், காதைக் கிழிக்கும் இரைச்சலில் விழித்துக்கொள்கிறார். கட்டிலை விட்டு நாலடி நகர்ந்தால் நிசப்தம். திரும்பப் படுத்தால் மறுபடி அதே இரைச்சல்!

(வரைபடம்.)

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். ஹவானா சிண்ட்ரோம் என்று பெயர் வாங்கிய இந்தத் தொல்லை 2016 கடைசியில் தொடங்கியது. தலைச்சுற்றல், தலைவலி, மறதி. கனடா தூதரகத்தாரும் பாதிக்கப்பட்டார்கள். 2017இல் அமெரிக்கா தன் ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைத் திரும்ப அழைத்தது. 15 கியூபத் தூதரக அதிகாரிகளை வெளியேற்றியது. அப்புறம் சீனாவின் குவாங்சோ, ஆஸ்திரியாவின் வியன்னா நகரங்களிலும் இதே புகார். 2021 செப்டம்பரில் சிஐஏ தலைவரோடு இந்தியா வந்த குழுவில் ஒருவரும் இதே தொல்லையைச் சொன்னார்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம்.

ஹவானாவில் பதிவான சத்தம் 2017 அக்டோபரில் வெளியானது. அலெக்சாண்டர் ஸ்டப்ஸ், ஃபெர்னாண்டோ மான்டியலெக்ரே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைக் கேட்டதும் பூச்சியைத் தேடிப் போனார்கள். கரீபியப் பகுதியில் வாழும் ஒரு வகைச் சுவர்க்கோழியின் குரல், சுமார் 7 கிலோஹெர்ட்ஸ் சுருதியில், ஏறத்தாழ அப்படியே பொருந்தியது. ஒன்றுதான் இடித்தது: பூச்சியின் துடிப்புகள் சீராக இருந்தன, ஹவானா பதிவில் தாறுமாறாக இருந்தன. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியில் பதிவுசெய்த பூச்சிக் குரலை ஒரு அறைக்குள் ஸ்பீக்கரில் ஓடவிட்டு மறுபடி பதிவுசெய்தார்கள். சுவர்களில் பட்ட எதிரொலி துடிப்புகளைக் கலைத்தது. இரண்டு பதிவும் ஒத்துப்போயின! 2019 ஜனவரியில் இதை வெளியிட்டார்கள். எவ்வளவு எளிய சோதனை பாருங்கள்.

(இரண்டு ஒலிகளும் அடுத்தடுத்து.)

இது மைக்ரோவேவ் ஆயுதம் என்று ஒரு கருத்தும் உண்டே, அது என்ன ஆயிற்று? அதற்கும் அடிப்படை உண்டு. மைக்ரோவேவ் துடிப்புகள் பட்டால் தலைக்குள் ‘டிக் டிக்’ என்று கேட்கும் என்பதை அமெரிக்க விஞ்ஞானி ஆலன் ஃப்ரே 1960களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். தலைக்குள் திசு ஒரு துளி சூடேறி விரியும். அந்த அதிர்வு உள்காதுக்குப் போகும். 2020இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமிகளின் குழுவும் இதையே மிகப் பொருத்தமான விளக்கம் என்றது. ஆனால், தலைக்குள் உண்டாகும் சத்தத்தை வெளியே இருக்கும் மைக் எப்படிப் பிடிக்கும்? மைக்கில் பதிவானது காற்றில் வந்த சத்தம். இந்த இடத்தில்தான் நான், ஆயுதம் என்பதைச் சந்தேகிப்பவர்கள் பக்கம் சாய்ந்தேன்.

2023இல், இதை ஆராய்ந்த ஏழு அமெரிக்க உளவு அமைப்புகளில் ஐந்து, எதிரி நாட்டின் வேலையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றன. கொசுவை ஒழிக்க அடித்த மருந்து காரணமாக இருக்கலாம் என்று ஒரு கனடா ஆய்வு சொன்னது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சத்தம் பூச்சியுடையது என்பதால் நோயும் பொய் என்று ஆகிவிடாது. ‘நடிக்கிறார்கள்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. 2024இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் எடுத்த ஸ்கேன்களில் மூளைச் சேதம் தெரியவில்லை. ஆனால் அதே ஆய்வில் 86 பேரில் 24 பேருக்கு, செயல்பாட்டு நரம்பியல் கோளாறு, அதாவது மூளையில் சேதம் தெரியாவிட்டாலும் அது வேலை செய்யும் விதம் பிசகுவது, என்று மருத்துவர்கள் இனங்கண்டார்கள். பெரும்பாலும் விடாத தலைச்சுற்றல். காதில் ஒரு தொற்றோ பெரும் பயமோ தொடங்கிவைக்கும். காரணம் போன பிறகும் மூளை, விழப்போகிறோம் என்ற எச்சரிக்கையை விடாது. சூப்பர் மார்க்கெட்டில் அடுக்குகளுக்கு நடுவே நடந்தாலே தரை ஆடும். இதற்குப் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு.

ஸ்கேன் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் உங்கள் வீட்டில் யாராவது இருக்கிறார்களா? கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் ஒரு நரம்பியல் மருத்துவரை உட்காரவைத்து அந்தக் கேள்விகளைக் கேட்கிறேன்.