துணியை விலக்கிப் பாருங்கள்

தலைமையேற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் சுகாதார நிலைய டாக்டரம்மா அவர்களே, கூட்டத்துக்கு இந்த வளவைத் திறந்துவிட்ட வீட்டுக்கார அண்ணன் அவர்களே, காரைக்குடி, தேவகோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த நர்ஸ் தங்கைகளே, முகப்பு வரை நிறைந்திருக்கும் ஆச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். தோல் நோய்க்காரருக்கு இரத்தத்தில் கிருமி பரவினால் எப்படிக் கண்டுபிடிப்பது, சர்க்கரைக்காரர் கால், கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு. முளையிலே கிள்ளாவிட்டால் கோடாலிதான் என்பார் எங்கள் அப்பத்தா. செப்சிஸுக்கு, அதாவது கிருமித் தொற்று முற்றி உடம்பின் உறுப்புகளையே பழுதாக்கும் நிலைக்கு, அது அப்படியே பொருந்தும்.

நான் நர்ஸாக இருந்தபோது கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சியைக் கூட்டிவந்தார்கள். காலில் பல வருடமாகக் கரப்பான் என்ற தோல் நோய், சர்க்கரையும் உண்டு, ஸ்டீராய்டு மாத்திரையும் ஓடுகிறது. "காய்ச்சலே இல்லை, அசதிதான்" என்றார் மருமகள். ஆனால் ஆச்சி மகனையே யாரென்று கேட்டார், காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, கை சில்லென்று இருந்தது. மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு இருபத்தெட்டு. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சல் தெரியாமலே கிருமி பரவலாம் என்பதை எல்லோரும் மனதில் வையுங்கள். சரி, காலைக் காட்டுங்கள் ஆச்சி என்றால், நாலு ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் சேலையைக் கணுக்காலுக்கு மேல் விடவே இல்லை! கடைசியில் பையிலிருந்த மாற்றுக் கண்டாங்கிச் சேலையை எடுத்து நாங்கள் இரண்டு பேர் திரையாகப் பிடித்தோம். சிவப்பு தொடை வரை ஏறியிருந்தது, நடுவே ஊதா நிறப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரால் அழுத்திப் பார்த்தேன், மறையவில்லை, அது ஆபத்தின் அடையாளம். பிரஷர் மேல் எண் தொண்ணூறு. உடனே எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு இரத்தம் எடுத்து, ஆன்டிபயாட்டிக்கும் சலைனும் ஏற்றினார்கள். ஆச்சி பிழைத்தார்.

நம் மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. தொட்டுப் பாருங்கள், சூடும் வீக்கமும் வலியும் சொல்லிவிடும். புண்ணின் அளவுக்கு மீறி வலி துடித்தால் காத்திருக்கவே கூடாது. புண்ணோடு மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், பிரஷரின் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழ், பேச்சில் குழப்பம் என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிதான், மஞ்சளை அரைத்துப் பற்றுப் போடுவதல்ல.

சர்க்கரைக்காரர் கால், களிம்பு இரண்டையும் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன், நேரமாகிவிட்டது. தலைவர் அவர்களே, நான் வந்ததே இதற்காகத்தான்: ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ஒரு மறைப்புத் திரை, பக்கத்தில் ஒரு பெண் நர்ஸ். நம் பெண்கள் உடம்பை மறைத்தே நோயை முற்றவிடுகிறார்கள். முளையிலே கிள்ள வேண்டுமென்றால் முளை கண்ணில் பட வேண்டாமா? திரைக்குத் துணிச் செலவுதான். அடுத்த கிராமசபையில் தீர்மானமாகப் போடுங்கள், கையெழுத்துத் தாள் டாக்டரம்மாவிடம் இருக்கிறது.